ஐம்பத்தைந்து வயதுக் கொழுப்பு

போன கார்த்திகையில் ஒரு நாள் காலை, என் சிநேகிதியும் அவள் மகளும் வேப்பனப்பள்ளியில் பஸ் ஏறி, கிருஷ்ணகிரியில் மாறி, ஓசூரில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். சிநேகிதியின் கையில் ஒரு பை நிறைய அவரைக்காய். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் மகள் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"பெரிம்மா, இதப் பாருங்க. நான் சொன்னா அம்மா கேக்க மாட்டேங்கறாங்க. நீங்கதான் சொல்லணும்."

பெங்களூரில் ஏதோ ஓர் இடத்தின் விளம்பரம். இளம் கொடையாளர்களின் கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லாம். ஊசியாகப் போட்டால் தழும்பு, சுருக்கம், தொய்வு எல்லாம் போய்ப் புதுத்தோல் வந்துவிடுமாம். ஒரு பெண்ணின் கன்னத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அதில் ஒரு துளை கூட இல்லை.

"யாரோ ஒரு பொண்ணு கொழுப்பு என் கன்னத்துலயா?" என்றாள் சிநேகிதி, அவரைக்காயைக் கீழே வைத்தபடி. "எனக்கு இருக்கிற கொழுப்பு போதாதுன்னு இன்னொருத்தி கொழுப்பு வேறயா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்பு எப்போதும் வலப்பக்கம்தான் விரியும். இடப்பக்கம் தோல் இறுகிக் கிடக்கிறது. காதுக்குக் கீழே தொடங்கி, கன்னம், தாடை, கழுத்து வரை இறங்கும் தழும்பு அது. வாயின் ஓரத்தைக் கீழே பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். முப்பது வருஷத்துக்கு மேலாக அப்படித்தான்.

அந்தத் தழும்புக்கு முந்தைய முகத்தைப் பார்த்தவர்களில், அவள் வீட்டாரை விட்டால், இப்போது நான் ஒருத்திதான் அவளுக்குப் பக்கத்தில் இருக்கிறேன்.

நான் தென்காசிப் பக்கத்துக்காரி. பத்தொன்பது வயதில் ஓசூருக்கு வேலைக்கு வந்தேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, அரிசியை விடச் சின்னப் பாகங்களை இடுக்கியால் பொறுக்கிப் பொருத்துகிற வேலை. பெண்களுக்குத்தான் கை நிதானம் என்று அந்தக் கம்பெனியில் வரிசை வரிசையாகப் பெண்களாகவே எடுத்திருந்தார்கள். பாகலூர் ரோட்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் மாடி அறை ஒன்றை எடுத்துத் தங்கப் போனபோது, அங்கே ஏற்கெனவே அதே கம்பெனிப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள்தான் இவள். வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பு வைத்திருந்த குடும்பம். வீட்டில் தெலுங்கு. அறைக்குச் சொந்தக்காரரிடம் கன்னடம். என்னிடம் தமிழ். மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றி மாற்றிப் பேசுவாள். நான் ஒன்றையே ஒழுங்காகப் பேசவில்லை என்று அவளுக்கு எண்ணம். நான் "சொல்லுதேன்" என்றால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பாள். அவள் "அப்பால" என்றால் நான் சிரிப்பேன்.

அந்த நாள் ஓசூரின் குளிரை இப்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை. மார்கழியில் முதல் ஷிப்டுக்குப் போக எழுந்தால் தெருமுனை தெரியாது. பனிக்குள்ளிருந்து கம்பெனி பஸ்ஸின் விளக்கு மட்டும் வரும். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு நல்ல ஸ்வெட்டர்தான் இருந்தது. யாருக்கு ஷிப்டோ அவள் போட்டுக்கொள்வாள். குளிரில் எனக்குத் தோல் வெடித்து, உதட்டில் ரத்தம் வரும். தேங்காய் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவளுக்கு ஒன்றும் ஆகாது. கன்னம் மட்டும் லேசாகச் சிவக்கும். எங்கள் வரிசைப் பெண்கள் எல்லாரும் முகத்துக்கு என்ன போடுகிறாய் என்று அவளைக் கேட்பார்கள். "தண்ணி" என்பாள். உண்மையும் அதுதான்.

அவளுக்கு இருபத்துநாலு வயது ஆனபோது குக்கர் வெடித்தது. நான் அப்போது ஷிப்டில் இருந்தேன். விசில் துளையில் பருப்பு அடைத்துக்கொண்டிருக்கிறது. அடுப்பை அணைக்கக் குனிந்திருக்கிறாள். மூடி பிடுங்கிக்கொண்டு போய், கொதிக்கிற பருப்பு முகத்தில் அடித்துவிட்டது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதி முகம் கட்டுக்குள் இருந்தது. "பருப்பு பூரா வீணாப்போச்சுடி" என்றாள்.

அதற்கப்புறம் அவள் வேலைக்குத் திரும்பவில்லை. அவள் அப்பா வந்து பெட்டியையும் அவளையும் ஊருக்கு அழைத்துக்கொண்டு போனார். சில வருஷம் கழித்து மாமன் மகனைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனிதர். தோப்பு, மாடு, ஒரே மகள் என்று அவள் வாழ்க்கை குறையில்லாமல்தான் போனது. நான் அதே கம்பெனியில் வேலை பார்த்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு ஓசூரிலேயே தங்கிவிட்டேன். பண்டிகைக்கும் விசேஷத்துக்கும் பார்த்துக்கொள்வோம். தழும்பைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

இப்போது பேச வந்திருப்பது மகள். அவளுக்கு இருபத்தாறு வயது. ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம், போனுக்குப் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. அவர்கள் ஹாஸ்டலிலேயே தங்கியிருக்கிறாள். கூட வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குத் தீக்காயத் தழும்பு இருந்ததாம். அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், கொழுப்பை வைத்து ஏதோ செய்ததில் அது இளகிவிட்டதாம். அதைத் தேடப் போய்த்தான் போனில் இந்த விளம்பரமும் அகப்பட்டிருக்கிறது.

"முதல்ல அந்தப் பொண்ணு போன டாக்டரப் பாப்போம். இந்த விளம்பரத்த அவங்ககிட்டயே காட்டுவோம்" என்றேன். அதற்குச் சிநேகிதி சரியென்றாள். என்னோடு ஒரு நாள் ஊர் சுற்றலாம் என்பதுதான் அவளுக்குக் காரணம் என்று பிற்பாடு சொன்னாள்.

டாக்டர் ஒரு பெண்மணி. நாற்பதுக்குள் இருக்கும். கன்னடக்காரர். தமிழைச் சிக்கனமாக, ஆனால் தெளிவாகப் பேசினார். சிநேகிதியின் கன்னத்தை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். தோல் கிள்ளலுக்கு வரவில்லை. வாயைத் திறக்கச் சொன்னார். கழுத்தைத் திருப்பச் சொன்னார். பிறகு மகள் நீட்டிய விளம்பரத்தை வாங்கிப் படித்துவிட்டு, போனைக் கவிழ்த்து மேஜையில் வைத்தார்.

"இன்னொருத்தர் செல்லை லேப்ல வளர்த்து, முகத்துக்கு ஊசி போட இங்க அனுமதி இல்லம்மா. அதெல்லாம் இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்குது. இவங்க ஊசியில என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. நான் செய்யறது வேற. அம்மாவோட கொழுப்பையே கொஞ்சம் எடுத்து, கழுவி, மெலிசா சலிச்சு, அன்னிக்கே அவங்க தழும்புக்கு அடியில வைக்கறேன். அந்தக் கொழுப்புக்குள்ள கொஞ்சம் ஸ்டெம் செல் இருக்கும். அது இறுகின தோலை இளக்க உதவுதுன்னு பாக்கறோம்."

மகளுக்கு அது போதவில்லை. "டாக்டர், அம்மாவுக்கு அம்பத்தஞ்சு வயசு. வயசானவங்க கொழுப்புல இருக்கிற செல்லும் வயசானதுதானே? அதுல என்ன சக்தி இருக்கும்? அதுக்குத்தான் சின்ன வயசுக்காரங்களோடது வேணும்னு பார்த்தேன்."

"சரியான கேள்வி" என்றார் டாக்டர். "வயசானா அந்த செல்லுங்க மெதுவாத்தான் பெருகும். எண்ணிக்கையும் குறையலாம். இருபது வயசுல ஒரு நாள்ல முடிக்கற வேலையை அம்பதுல ரெண்டு மூணு நாளா செய்யற மாதிரி வெச்சுக்கோங்க. ஆனா வேலையே மறந்துடாது. ஆளுக்கு ஆளும் மாறும். சர்க்கரை இருக்கா, புகை பிடிக்கறாங்களா, அதெல்லாமும் இருக்குது. வயசு ஒண்ணை மட்டும் வெச்சு ஆகும், ஆகாதுன்னு என்னால சொல்ல முடியாது."

"அப்ப என்கிட்ட எடுங்க" என்று மகள் நாற்காலியை முன்னால் இழுத்தாள். "நான் இவங்க பொண்ணுதானே. இவங்க ரத்தம்தானே."

"பாதிதான் இவங்க. பாதி உங்கப்பா. உடம்பு அந்தப் பாதியைக் கண்டுபிடிச்சிடும்."

"கண்டுபுடிச்சா சண்டைக்குப் போகும்" என்றாள் சிநேகிதி.

நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்கிட்ட வயித்துல மூட்டை மூட்டையாக் கெடக்கு, டாக்டர். யாருக்கு வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க" என்றேன். டாக்டர் முதல் முறையாகச் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. சின்னப் பிள்ளையிலிருந்து அம்மாவின் பாதி முகத்தையே முழு முகமாகப் பார்த்து வளர்ந்தவள். அம்மாவுக்குத் தன்னிடம் இருப்பதில் ஒரு கரண்டி கொடுக்கலாம் என்று வந்திருக்கிறாள். அதுவும் ஆகாது என்றால் என்ன செய்வாள்?

டாக்டர் இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னார். தழும்பு மறையாது. நிறம் அப்படியே இருக்கலாம். இளகினால் இளகும், அதற்கும் மாதக்கணக்கு ஆகும். ஒரு தடவையில் போதாமலும் போகலாம். "இளமை திரும்பும்னு நான் சொல்லமாட்டேன்."

"இளமையை வெச்சுக்கினு நான் என்னாம்மா பண்ணப்போறேன்? கொட்டாவி விட்டா இழுக்குது. அது நின்னா போதும்" என்றாள் சிநேகிதி.

முப்பது வருஷத்தில் அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கொட்டாவி விடும்போது வலிக்கும் என்று எனக்குத் தெரியாது. மகளுக்கும் தெரியாது.

சிநேகிதி உடனே சம்மதிக்கவில்லை. ஊருக்குப் போய், வீட்டுக்காரரிடம் பேசி, தோப்புக்குத் தண்ணீர் விட ஆள் பார்த்துவிட்டு மார்கழியில் வந்தாள். இடையில் ஒரு நாள் போனில் கேட்டாள்.

"ஏன்டி, இருபத்துநாலுலயே இதைச் செஞ்சிருந்தா நல்லா ஆயிருக்கும் இல்ல? அப்ப எல்லாமே சுறுசுறுப்பா இருந்திருக்கும்."

"அப்ப இதெல்லாம் எங்கட்டி இருந்துச்சு? இருந்தாலும் உன்கிட்ட ஏது கொழுப்பு? எலும்புந்தோலுமாத்தான இருந்த."

"அதுவும் சரிதான். ஒரு தட்டு சோத்தை ரெண்டு பேரு தின்னா எங்க இருந்து வரும்?"

கொழுப்பு இப்போதும் அவளிடம் சிரமப்பட்டுத்தான் கிடைத்தது. தோப்பிலும் வயலிலும் நடந்த உடம்பு. வயிற்றில் தேறாது என்று தொடையில் எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்திருக்கிறார்கள். நானும் மகளும் வெளியே உட்கார்ந்திருந்தோம். மகள் நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்தாள். வெளியே கொண்டுவந்தபோது சிநேகிதி விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"பார்த்தேன்டி. நெய் உறைஞ்ச மாதிரி மஞ்சளா இருந்துது. நல்லா இருக்குதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அம்பத்தஞ்சு வருஷம் சும்மாவே உக்காந்திருந்துது, இப்பதான் வேலைக்குப் போவுது."

மகளுக்கு அதிக நாள் விடுப்பு கிடைக்கவில்லை. அதனால் புண் ஆறும் வரை சிநேகிதி என் வீட்டில்தான் இருந்தாள். மாடி அறையில் எங்கள் இருவருக்கும் கட்டில் போட்டுக்கொண்டேன். என் வீட்டுக்காரர் கீழே டிவியோடு சந்தோஷமாக இருந்தார்.

அந்த நாட்களைத்தான் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கல்யாணம், பிள்ளை, ஷிப்டு, ரிட்டையர்மென்ட் எல்லாம் முடிந்த பிறகு, இரண்டு கிழவிகள் மறுபடி ஓர் அறையில். காலையில் கண் விழித்தால் எதிர்க் கட்டிலில் அவள். கன்னம் வீங்கி, முதலில் நாவல்பழ நிறம், அப்புறம் பச்சை, அப்புறம் மஞ்சள் என்று தினம் ஒரு நிறமாக இருந்தது. தொடையில் இறுக்கமான கட்டு. உட்காரும்போதெல்லாம் தெலுங்கில் எதையோ திட்டுவாள். கஞ்சியும் ரசமும்தான் சாப்பாடு. அதை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே பழைய ஆட்களை ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு உட்காரவைப்போம். எங்கள் சூப்பர்வைசர் அம்மா கோபம் வந்தால் மலையாளத்துக்கு மாறிவிடுவது. வரிசையில் கடைசியில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, லென்ஸைக் கண்ணில் மாட்டியபடியே தூங்கப் பழகியிருந்தது. சம்பளத்தன்று மலைக்கோயிலுக்கு ஏறி, மேலே நின்று, எந்த விளக்கு எந்தக் கம்பெனி என்று சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு மறந்துபோனது அவளுக்கு நினைவிருந்தது. அவளுக்கு மறந்தது எனக்கு.

வீக்கம் கொஞ்சம் வடிந்ததும், "அந்தத் தெருவுக்குப் போலாமா?" என்று கேட்டாள். ஆட்டோவில் போனோம். எங்கள் அறை இருந்த வீடு இல்லை. அங்கே அடுக்குமாடி வந்திருந்தது. கீழே மொபைல் கடை, பானிபூரிக் கடை. வேலை முடிந்து வரும் பெண்கள் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி பானிபூரி தின்றுகொண்டிருந்தார்கள். இந்தியும் ஒடியாவும் தமிழும் கலந்து காதில் விழுந்தது. எல்லாம் இருபது, இருபத்தொரு வயது. அவர்கள் கன்னங்களையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னாடி அப்படிப் பாக்கற?" என்றாள்.

"கொழுப்பு எடுக்கலாமான்னு பாக்கேன்."

"சிரிக்க வைக்காதடி, தையல் பிரியும்." தையல் ஒன்றும் கிடையாது, ஊசி போட்ட துளைகள்தான். ஆனாலும் கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டாள்.

அவளைச் செக்கப்புக்கு அழைத்துக்கொண்டு போன ஒரு நாள், அவள் உள்ளே முகத்தைக் கழுவப் போன நேரத்தில், டாக்டரிடம் மெதுவாகக் கேட்டேன், "எனக்கும் செய்யலாமா?" என் வாயைச் சுற்றிக் கோடுகள் விழுந்திருக்கின்றன. கன்னம் தொங்கிவிட்டது. ஐம்பத்தாறு வயதுக்கு அது சகஜம் என்று தெரியும். இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "செய்யலாம். சுருக்கத்துக்கும் இதே மாதிரி வைக்கறாங்க. கொஞ்சம் மினுமினுப்பு வரலாம். எவ்வளவு, எத்தனை நாள் நிக்கும்னு உறுதி கொடுக்க முடியாது. உங்களுக்கு என்ன மாறணும்னு நெனைக்கறீங்க, சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தால், எனக்கு வேண்டியிருந்தது கன்னம் இல்லை. பாகலூர் ரோட்டுப் பின்தெருவும், அந்த ஸ்வெட்டரும், பனிக்குள் வந்த பஸ்ஸும்தான். அதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது? "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று எழுந்துவிட்டேன். அப்புறம் கேட்கவேயில்லை.

தை பிறந்ததும் அவளை வேப்பனப்பள்ளிக்கு அனுப்பி வைத்தேன். வீக்கம் போயிருந்தது. தழும்பு இருந்த மாதிரியே இருந்தது. மகள் வாரா வாரம் வீடியோவில் கூப்பிட்டு, "வெளிச்சத்துக்குத் திரும்புங்கம்மா" என்று போட்டோ எடுத்தாள். முன்னே எடுத்ததையும் பின்னே எடுத்ததையும் சேர்த்து எனக்கு அனுப்புவாள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. ஒரு நாள் ஷிப்டு முடிந்து என் வீட்டுக்கு வந்து, சமையலறையில் நின்றுகொண்டே அழுதாள்.

"நான்தான் பெரிம்மா அவங்கள இழுத்துட்டு வந்தேன். சும்மா இருந்தவங்களுக்கு வலி குடுத்ததுதான் மிச்சம். வயசாயிடுச்சு, அந்த செல்லு வேலை செய்யல. அவங்க சின்ன வயசா இருந்தப்பவே எனக்குத் தோணியிருக்கலாம்."

"நீ அப்ப பொறக்கவே இல்லையே பிள்ள" என்றேன். தோசை வார்த்துக் கொடுத்தேன். வேறென்ன சொல்ல? எனக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம்தான்.

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு நாள் சிநேகிதி கூப்பிட்டாள். தோப்பிலிருந்து பேசினாள், பின்னால் காகம் கத்திக்கொண்டிருந்தது.

"ஏய், கொட்டாவி விட்டேன்டி."

"அதுக்கென்ன?"

"இழுக்கல."

அவளே சொன்னாள். காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது தானாக வந்திருக்கிறது. வாய் அதுபாட்டுக்குத் திறந்து மூடியிருக்கிறது. அதற்கப்புறம் வேண்டுமென்றே பல தடவை விட்டுப் பார்த்தாளாம். வீட்டுக்காரர் ராத்திரி சரியாகத் தூங்கவில்லையா என்று கேட்டாராம். "கிள்ளினா தோலு கொஞ்சம் வருதுடி. முன்ன கல்லு மாதிரி இருக்கும். இப்ப காய்ஞ்ச சப்பாத்தி மாதிரி இருக்குது."

சித்திரையில் டாக்டரிடம் போனபோது அவரும் கிள்ளிப் பார்த்தார். சின்னதாக ஒரு மடிப்பு வந்தது. கழுத்தை முன்பை விடத் திருப்ப முடிந்தது. அவர் துள்ளிக் குதிக்கவில்லை. "நல்லா இருக்குது. வயசுக்கு இது பரவாயில்லைன்னு சொல்லமாட்டேன். உங்க தோலுக்கு இது நல்லாவே இருக்குது" என்றார். கன்னத்துக்கு வைத்தது எவ்வளவு ஒட்டியது, எவ்வளவு கரைந்தது, இளகியதில் ஸ்டெம் செல்லுக்குப் பங்கு எவ்வளவு என்று மகள் கேட்டாள். தனக்குத் தெரியாது என்று டாக்டர் ஒத்துக்கொண்டார். தாடைக்குக் கீழே இன்னும் இறுகியிருக்கும் இடத்துக்கு இன்னொரு தடவை வைக்கலாம் என்றார்.

"மாங்கா முடியட்டும்" என்றாள் சிநேகிதி.

நிறம் மாறவில்லை. தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது அதே தழும்புதான். போட்டோவிலும் அப்படித்தான் விழுகிறது. மகள் இப்போது போட்டோ எடுப்பதை விட்டுவிட்டாள். ஊருக்குப் போனால் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் சொல்லிக்கொடுத்த மாதிரி கட்டைவிரலால் கன்னத்தை வட்டம் வட்டமாக நீவிவிடுகிறாள். சிநேகிதி கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாளாம். தோல் இளகுகிறதோ இல்லையோ, தனக்குத் தூக்கம் வருகிறது என்று சொல்கிறாள்.

இது ஆனி. வேப்பனப்பள்ளித் தோப்புகளில் காய் இறக்கி, மாங்கூழ் கம்பெனிகளுக்கு லாரிகள் போய்க்கொண்டிருக்கின்றன. நேற்று பேசும்போது, இந்த முறை மல்கோவா சரியாகக் காய்க்கவில்லை, பரவாயில்லை, வேலை சீக்கிரம் முடிந்துவிடும் என்றாள். ஆடியில் ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். போன தடவை எடுத்த தொடை வேண்டாம், இன்னொன்றில் எடுக்கச் சொல்லப் போகிறாளாம். புண் ஆறுவதற்கு இரண்டு வாரம் போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒரு மாதம் ஆகும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறாள். நானும் என் வீட்டுக்காரரிடம் அதையேதான் சொல்லியிருக்கிறேன்.